கடல் பாதுகாப்புச் சங்கத்துக்கு நிர்வாகக் குழு அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரவு முழுக்கக் கரையில் நடந்து ஆமை முட்டை தேடும் இளைஞர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். உழைப்பில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சங்கமாகப் பதிவு செய்த இரண்டாம் ஆண்டில் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தலைவர் வெளியூர் போயிருப்பார். பொருளாளர் பேசுவதை நிறுத்தியிருப்பார். காசோலையில் இரண்டாவது கையெழுத்துப் போட ஆள் இருக்காது. வங்கியில் பணம் இருந்தும் படகு வாடகை கொடுக்க முடியாது.

இராமநாதபுரம் கரையில் ஒரு சிறு சங்கத்துக்கு இரண்டு தவணை செயலாளராக இருந்தேன். பிறகு புதிய குழுக்கள் சில பதிவு செய்தபோது உடனிருந்து உதவினேன். அங்கே கண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். பெயர்ப் பட்டியலில் தொடங்கியவர்கள் எல்லோரும் பாதி வழியில் திரும்பி வந்து முதல் படியைச் செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் நல்ல நட்புகள் சில கசந்துவிட்டன. அது உங்களுக்கு நேர வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டில் பதிவாகும் அமைப்புகளுக்கானது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, அடுத்த ஓராண்டில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிய வேலைத் திட்டம். ஆமைக் காவலா, கடற்புல் கணக்கெடுப்பா, பள்ளிகளில் வகுப்பா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். இது இல்லாமல் நிர்வாகக் குழுவுக்கு எந்த மாதிரி ஆள் தேவை என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, அலுவலக முகவரி. வாடகை வீடாக இருந்தாலும் போதும்; உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வரி ரசீதும் வேண்டும். மூன்றாவது, அறக்கட்டளை, சங்கக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய ஓர் ஆடிட்டர். கடைக் கணக்கு மட்டும் பார்க்கிறவர் இதற்குப் போதாது. நான்காவது, மூன்று மாதப் பொறுமை. அடுத்த மாதம் ஒரு நிதி விண்ணப்பம் முடிகிறது என்பதற்காக அவசரமாகப் பதிவு செய்தவர்கள், அந்த அவசரத்தில் யாரைச் சேர்த்தார்களோ அவர்களோடு பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள்.

1. சட்ட வடிவத்தை முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன. பொது அறக்கட்டளை, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கம், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 8ஆவது பிரிவின் கீழ் லாப நோக்கற்ற நிறுவனம். இவற்றுக்குள் பதிவுச் செலவு வேறுபடும் என்பதை எல்லோரும் கேட்டு வைத்திருப்பார்கள். யார் யாரை மாற்ற முடியும் என்ற வேறுபாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதுதான்.

அறக்கட்டளையில் அறங்காவலர்களுக்கு மேல் வாக்களிக்கும் உறுப்பினர் கூட்டம் கிடையாது. பத்திரத்தில் எழுதியபடியே அடுத்த அறங்காவலர் வருவார். ஆயுள்காலம் என்று எழுதிவிட்டால் ஆயுள்காலம்தான். நிறுவியவர் மிக நல்லவராக இருக்கும் வரை சிக்கல் தெரியாது. பத்திரத்தைப் பின்னால் திருத்துவதும் கடினம்.

சங்கம் என்றால் குறைந்தது ஏழு பேர் சேர வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. உறுப்பினர் எல்லோரும் சேர்ந்த பொதுக்குழு நினைத்தால் நிர்வாகக் குழுவை மாற்ற முடியும்.

எட்டாவது பிரிவு நிறுவனத்தில் கணக்கு ஒழுங்கு நன்றாக இருக்கும். ஆனால் இயக்குநர் ஒவ்வொருவருக்கும் இயக்குநர் எண் வாங்குவதும், ஆண்டுதோறும் படிவங்கள் தாக்கல் செய்வதும் சேர்ந்து ஒரு முழுநேர வேலையாகிவிடும். ஊரில் அலுவலக ஊழியர் இல்லாத குழுவுக்கு இது சுமை.

கிராமத்தோடு சேர்ந்து வேலை செய்யும் குழு என்றால் சங்கமே பொருத்தம் என்பது என் முடிவு. கரையில் இருப்பவர்கள் உறுப்பினராகி, வாக்களித்து, வேண்டாதவரை இறக்கும் வழி அதில் மட்டுமே இயல்பாக அமைகிறது. அடுத்து வரும் படிகளையும் சங்கத்தை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வடிவத்தைப் பின்னால் மாற்றினால் புதிய அமைப்பாகவே கருதப்படுவீர்கள். புதிய பான், புதிய வருமான வரிப் பதிவு, புதிய வங்கிக் கணக்கு என்று எல்லாம் முதலிலிருந்து. வெளிநாட்டு நிதிப் பதிவுக்கு மூன்று ஆண்டு செயல்பாடு காட்ட வேண்டும் என்பதால் அந்தக் காத்திருப்பும் மறுபடி தொடங்கும்.

2. பெயர்களுக்கு முன்னால் முடிவுகளை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில், முதல் இரண்டு ஆண்டுகளில் இந்தக் குழுவின் முன் வரப்போகும் கடினமான முடிவுகளை எழுதுங்கள். பத்தாவது இருக்கட்டும். எங்கள் பகுதியில் உண்மையாக வந்தவை இப்படி இருந்தன:

வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவருக்குக் கிழிந்த வலைக்கான இழப்பீட்டை நாம் கொடுப்பதா, வனத்துறையிடம் கேட்டு வாங்கித் தருவதா? கரையில் கட்டுமானம் செய்யும் நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதி தர முன்வந்தால் வாங்குவதா? விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியைப் பற்றிக் கருத்துக் கேட்டு நிருபர் வந்தால் சங்கத்தின் பெயரில் என்ன சொல்வது, யார் சொல்வது? ஆய்வுக்கு வரும் மாணவர்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதிய தகவல்கள் யாருக்குச் சொந்தம்?

இந்தத் தாள் தயாரானதும் தேவைகள் தாமாகவே தெரியும். வனச் சட்டம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். ஏனென்றால் ஆமையும் கடற்பசுவும் பவளமும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நல்லெண்ணத்தோடு ஆமை முட்டையை இடம் மாற்றினாலும் அனுமதி இல்லாவிட்டால் குற்றம்தான். விசைப்படகுக்காரரையும் நாட்டுப்படகுக்காரரையும் ஒரே அறையில் உட்கார வைக்கக் கூடியவர் வேண்டும். கணக்கு தெரிந்தவர் வேண்டும். பணத்தை வேண்டாம் என்று சொல்லத் துணிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, "நல்ல மனிதர்" என்ற ஒரே தகுதியை வைத்து ஆள் சேர்ப்பது. நல்ல மனிதர்கள் ஏழு பேரும் ஒரே கல்லூரியில் படித்த ஒரே வயதுக்காரர்களாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலே எழுதிய கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அவர்களுக்குள் இரண்டு விதமான பதில் வரவில்லை. பிறகு ஊரில் சிக்கல் வந்தபோது ஊரில் பேச அவர்களிடம் ஒருவரும் இல்லை.

3. ஆட்களைத் தேடுங்கள்

ஏழு அல்லது ஒன்பது பேர் போதும். ஒற்றைப்படை எண் வாக்கெடுப்புக்கு வசதி. பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு முறைகூட முழு வருகை இருந்ததாக நான் பார்த்ததில்லை.

மீன்பிடிப்பவர்களிலிருந்து தொடங்குங்கள். ஒருவரைச் சேர்த்துவிட்டு "மீனவர் பிரதிநிதி இருக்கிறார்" என்று சொல்வது நியாயமில்லை. நாட்டுப்படகின் வலை வேறு, விசைப்படகின் வலை வேறு, கரைவலை வேறு. ஒருவருடைய நட்டம் இன்னொருவருடைய பிடிப்பு. குறைந்தது இரண்டு தொழில்களிலிருந்து ஆள் வர வேண்டும்.

பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், கடல் தேறட்டும் என்று மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசிக்குப் போவது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டவர்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) பாசி குறைந்தது, எங்கே பவளம் வெளுத்தது என்பதைப் படகில் போகிறவர்களைவிட முன்னால் அறிகிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவரை மட்டும் குழுவில் சேர்த்தால், சட்டை போட்ட ஆறு ஆண்களுக்கு நடுவில் அவர் வாய் திறக்க மாட்டார். எங்கள் சங்கத்தில் முதல் ஓராண்டு அப்படித்தான் வீணானது. இரண்டாவது பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்த கூட்டத்தில்தான் முதலாமவர் பேசினார். பேசியதும் அந்த ஆண்டின் கணக்கெடுப்பு இடத்தையே மாற்றினோம். இரண்டு பேருக்குக் குறையாமல் சேருங்கள்.

ஊர்த் தலைவரைச் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊர்க் கமிட்டியிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள், யாரை அனுப்பலாம் என்று கேளுங்கள். கேட்காமல் நீங்களாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவரை ஊர் தன் ஆளாக ஏற்காது. ஆனால் "ஊர்த் தலைவராக இருப்பவர் எவரோ அவரே உறுப்பினர்" என்று விதியில் எழுதாதீர்கள். ஊர்த் தேர்தல் முடிவு உங்கள் வங்கிக் கணக்கின் கையெழுத்தை மாற்றக் கூடாது.

விஞ்ஞானி ஒருவர் தேவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் என்று நம் கரையிலேயே படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணியில் இருப்பவர் என்றால் அவருடைய நடத்தை விதிகளின்படி அலுவலக அனுமதி வேண்டியிருக்கும். அந்த அனுமதிக் கடிதம் வராமல் பெயரைப் படிவத்தில் எழுதாதீர்கள். ஓய்வு பெற்றவர் எளிது. ஆனால் குழு முழுவதும் ஓய்வு பெற்ற அதிகாரிகளாகிவிட்டால் கூட்டம் அலுவலகக் கோப்பு போல நகரும்; கரைக்காரர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வேண்டாம். கணவன் தலைவர், மனைவி பொருளாளர் என்று தொடங்கிய நேர்மையான சங்கங்கள் உண்டு. நிதி கொடுப்பவரும் வருமான வரித் துறையும் அந்த நேர்மையை நேரில் பார்க்கப் போவதில்லை. தாளில் உறவைத்தான் பார்ப்பார்கள்.

4. அழைக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லுங்கள்

"பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறோம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்லி ஆள் சேர்ப்பதுதான் நான் கண்டதிலேயே மிகத் தீங்கான பழக்கம். கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் சட்டப் பொறுப்பு இருக்கிறது. கணக்கு தாக்கல் செய்யாவிட்டாலும் நிதி தவறாகச் செலவானாலும் கேள்வி அவர்களுக்கும் வரும். எழுதப் படிக்கச் சிரமப்படும் ஒரு கடற்காரரிடம் இதைச் சொல்லாமல் கைரேகை வாங்குவது பாவம்.

நேரில் போங்கள். ஆண்டுக்கு எத்தனை கூட்டம், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம், சம்பளம் கிடையாது, பயணச் செலவு உண்டு, கணக்கில் பொறுப்பு உண்டு என்று வாயால் சொல்லுங்கள். ஒரு வாரம் யோசிக்க அவகாசம் கொடுங்கள். சம்மதித்தால் தமிழில் எழுதிய ஒரு பக்கச் சம்மதக் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

பணம் பற்றி ஒரு சொல். கூட்டத்துக்கு வரும் மீனவர் ஒரு நாள் பிடிப்பை இழக்கிறார். பேராசிரியர் எதையும் இழப்பதில்லை. பயணம், உணவு ஆகியவற்றின் உண்மைச் செலவை அன்றே கையில் கொடுங்கள், வவுச்சரில் எழுதுங்கள். அதற்கு மேல் கொடுப்பதென்றால் ஆடிட்டரைக் கேட்டு, எல்லோருக்கும் பொருந்தும் விதியாக எழுதி, தீர்மானம் போட்ட பிறகே கொடுங்கள். நிர்வாகிகளுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயையும் வரிச் சட்டம் கூர்ந்து பார்க்கும்.

5. துணைவிதிகளை எழுதுங்கள்

பைலா என்று எல்லோரும் சொல்லும் துணைவிதிகளை இணையத்திலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒட்டிய ஒரு சங்கத்தின் விதியில் "பள்ளி மாணவர் சேர்க்கை" என்று ஒரு பிரிவு இருந்தது. நீங்களே எழுதுங்கள். முதலில் தமிழில் எழுதிக் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நோக்கங்களை அளவாக விரித்து எழுதுங்கள். "கடலாமைப் பாதுகாப்பு" என்று மட்டும் எழுதினால் மூன்றாம் ஆண்டில் அலையாத்தி நடவுக்கு நிதி வரும்போது கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். கடல், கரையோர உயிரினங்களும் வாழிடங்களும், அவற்றைச் சார்ந்து வாழ்பவர்களின் வாழ்வாதாரம், ஆய்வு, கல்வி என்ற அளவில் இருக்கட்டும்.

பதவிக்காலத்தைப் படிப்படியாக முடியும்படி அமையுங்கள். ஒன்பது பேரும் ஒரே நாளில் பதவி விலகினால் பழைய நினைவு முழுவதும் அன்றே போய்விடும். ஆண்டுக்கு மூன்று பேர் மாறினால் புதியவர்கள் கற்றுக்கொள்ள எப்போதும் ஆறு பேர் இருப்பார்கள். முதல் தேர்வில் மூன்று பேருக்கு ஓராண்டு, மூன்று பேருக்கு இரண்டாண்டு, மூன்று பேருக்கு மூன்றாண்டு என்று சீட்டுக் குலுக்கி எடுங்கள். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் வேண்டாம் என்றும் எழுதுங்கள்.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், எவ்வளவு என்பதில் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். "பாதிப் பேருக்குமேல், அவர்களில் குறைந்தது ஒருவர் கடல்தொழில் செய்பவர்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் நகரத்து உறுப்பினர்கள் ஐந்து பேர் கூடி மீனவரைப் பற்றிய முடிவை எடுத்துவிட முடியும். இப்படி நடந்து, ஊர் முழுவதும் ஒரு சங்கத்தைக் கைவிட்டதைக் கண்டேன்.

வங்கியில் மூன்று பேருக்குக் கையெழுத்து அதிகாரம், எந்த இருவர் சேர்ந்தாலும் செல்லும் என்று எழுதுங்கள். இரண்டு பேர் மட்டும் என்றால் ஒருவர் நோயில் படுத்தாலே சங்கம் படுத்துவிடும். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரை என்ன செய்வது, காலியிடத்தை எப்படி நிரப்புவது, சங்கம் கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போக வேண்டும் என்பது ஆகிய மூன்றையும் விடாமல் சேருங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் வரிவிலக்குப் பதிவில் கேள்வி வரும்.

6. பதிவும் அதன் பின் வரிசையும்

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கப் பதிவு. அடுத்துப் பான். அடுத்து வங்கிக் கணக்கு. அடுத்து, தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பதிவு. பிறகு 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று வழங்கும் வருமான வரிப் பதிவுகள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமானால் அதற்குப் பிறகு சிஎஸ்ஆர்-1 படிவம். ஒன்றின் எண் பின்னால் வருவதற்குப் பல இடங்களில் தேவைப்படும் என்பதால் இந்த வரிசையிலேயே போங்கள்.

புதிய அமைப்புக்குக் கிடைக்கும் வரிப் பதிவு தற்காலிகமானது. அதை வழக்கமான பதிவாக மாற்றும் கெடுவை ஆடிட்டரிடம் கேட்டு அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்து வாங்கிய நம்பிக்கை இந்த ஒரு தேதி தவறியதில் போயிருக்கிறது.

இந்தப் படியில் நாட்களைத் தின்பது பெயர்கள்தான். ஆதாரில் தந்தை பெயர் முன்னால், பானில் பின்னால், வாக்காளர் அட்டையில் முன்னெழுத்து மட்டும் என்று இருக்கும். ஒரே அந்தோணி மூன்று அட்டையில் மூன்று விதமாக இருப்பார். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே எல்லோருடைய அட்டைகளையும் வரிசையாக வைத்துச் சரிபார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

7. முதல் கூட்டத்தில் போட வேண்டிய தீர்மானங்கள்

தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்வு, வங்கிக் கணக்கு, கையெழுத்து அதிகாரம், ஆடிட்டர் நியமனம், கையில் வைத்துக்கொள்ளக் கூடிய ரொக்கத்தின் உச்ச அளவு. இவை வழக்கமானவை.

கடல் அமைப்புக்கு மட்டும் உரியது ஒன்று உண்டு. இறந்த கடற்பசு கரை ஒதுங்கினால், காயப்பட்ட ஆமை கிடைத்தால், யார் வனத்துறைக்குச் சொல்வது, யார் செய்தியாளரிடம் பேசுவது, யார் பேசக் கூடாது என்பதை அன்றே தீர்மானமாக எழுதுங்கள். பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு, இப்படி ஒரு செய்தி வெளியே போகும் வேகம் கூடியிருக்கிறது. படமெடுத்துப் பகிர்ந்த உறுப்பினர் ஒருவர், தகவல் சொன்ன மீனவரின் படகு எண்ணையும் சேர்த்தே பகிர்ந்துவிட்டார். அந்த மீனவர் விசாரணைக்கு அலைந்தார். அதன் பிறகு அந்தக் கரையிலிருந்து எங்களுக்குத் தகவல் வருவது நின்றே போனது.

8. கூட்டத்தின் நாளைக் கடலைப் பார்த்துக் குறியுங்கள்

பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும். நாட்டுப்படகுகள் மற்ற நாட்களில் போகும். இந்த முறை பல பத்தாண்டுப் பழக்கம். புதனன்று கூட்டம் வைத்தால் ஒரு பக்கம் வராது, செவ்வாயன்று வைத்தால் மறுபக்கம் வராது. உங்கள் ஊரில் எந்த நாளில் இரண்டு பக்கமும் கரையில் இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோவிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, அதைப் பொறுத்து வெள்ளியோ ஞாயிறோ அமையும். ஞாயிறு என்றால் பூசை முடிந்து ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். பாசிக்குப் போகும் பெண்களின் நாட்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அந்த நாட்களைத் தவிருங்கள்.

ஆண்டுக்கு நான்கு கூட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றைக் கட்டாயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் வையுங்கள். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் காலம் அது. ஆண்டுத் திட்டம், வரவு செலவுத் திட்டம் போன்ற நீண்ட பேச்சுகளை அதில் எடுங்கள். பங்குனி ஆமைகள் கரையேறும் சனவரி முதல் மார்ச் வரை இரவுக் காவலில் இருப்பவர்களைக் காலைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். தூக்கக் கண்ணோடு எடுத்த முடிவுகளை மறுபடி எடுக்க வேண்டி வரும்.

நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். எழுத்தில் அனுப்புவதோடு, தேவையானவர்களுக்குக் குரல் பதிவாகவும் அனுப்புங்கள். கூட்ட நடவடிக்கைகளைத் தைத்த தீர்மானப் புத்தகத்தில் தமிழில் எழுதுங்கள். கூட்டம் கலையும் முன் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். "பிறகு தட்டச்சு செய்து அனுப்புகிறேன்" என்று எடுத்துப்போன குறிப்புகள் திரும்பி வரும்போது வேறு மாதிரி இருக்கும். யார் பொய் சொன்னார்கள் என்ற சண்டை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

9. சொந்த ஆதாயத்தை எழுத்தில் வெளிப்படுத்துங்கள்

எங்கள் சங்கத்தில் ஓர் உறுப்பினரின் வல்லத்தை (நாட்டுப்படகை) கணக்கெடுப்புக்கு இரண்டாண்டு வாடகைக்கு எடுத்தோம். கரையில் கிடைக்கும் வாடகையைவிடக் குறைத்தே வாங்கினார். ஆனால் வேறு யாரிடமும் விலை கேட்டதாகத் தாளில் இல்லை. தீர்மானத்தில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். நிதி கொடுத்தவர்களின் தணிக்கையில் கேள்வி வந்தது. பணத்துக்குப் பதில் சொல்லிவிட்டோம். கூட்டத்தில் எல்லோர் முன்னும் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. அடுத்த மாதம் விலகிவிட்டார். அவரைப் போல நீரோட்டம் தெரிந்த ஒருவர் எங்களுக்குப் பிறகு கிடைக்கவில்லை. விதி முன்பே இருந்திருந்தால் அந்த மனிதரின் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும்.

விதி எளியது. ஆண்டு தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தமக்கும் குடும்பத்துக்கும் உள்ள படகு, வலைக்கடை, விடுதி, இறால் பண்ணை, மீன் ஏற்றுமதி, துறைமுகத்துக்கோ தொழிற்சாலைக்கோ செய்யும் ஆலோசனைப் பணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். விஞ்ஞானிகள் கடைசியாகச் சொன்னதை எழுத மறக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். அது தொடர்பான பேச்சு வரும்போது அவர் தகவல் சொல்லலாம், பிறகு வெளியே போக வேண்டும், வாக்களிக்கக் கூடாது. வெளியே போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வாடகைக்கு எடுப்பதென்றால் மூன்று பேரிடம் விலை கேட்டு எழுதி வையுங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தொழில் வேறு, சொந்த ஆதாயம் வேறு. இழுவலையில் ஆமைகள் தப்பிக்கும் கருவியைப் பொருத்துவது பற்றிப் பேசும்போது, "நீங்கள் விசைப்படகுக்காரர், வெளியே போங்கள்" என்று சொல்லக் கூடாது. அந்தக் கருவியால் பிடிப்பு குறையுமா என்பதைச் சொல்லத்தான் அவரைச் சேர்த்தோம். அவர் இருக்க வேண்டும், வாக்களிக்க வேண்டும். அந்தக் கருவியை அவருடைய தம்பி கடையில் வாங்குவதா என்ற கேள்வி வரும்போதுதான் அவர் எழ வேண்டும். இந்த வேறுபாட்டை விதியிலேயே எழுதுங்கள். எழுதாத இடங்களில், முரண்பாட்டைத் தவிர்க்கிறோம் என்ற பெயரில் மீனவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றிவிட்டார்கள்.

10. குழுவுக்கும் ஊழியர்களுக்கும் நடுவே கோடு

நிர்வாகக் குழு திட்டம், வரவு செலவு, விதி, தலைமை ஊழியர் நியமனம் ஆகியவற்றை முடிவு செய்யும். அன்றாட வேலை ஊழியர்களுடையது. தலைவர் நேரடியாகக் களப்பணியாளரைக் கைபேசியில் அழைத்து "இன்றைக்கு அந்தத் தீவுப் பக்கம் போ" என்று சொல்லத் தொடங்கினால், விபத்து நடக்கும் நாளில் யார் பொறுப்பு என்று தெரியாது. கடலில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

நிறுவியவரே சம்பளம் வாங்கும் தலைமை ஊழியராக இருப்பது சிறிய அமைப்புகளில் இயல்பு. அப்படியானால் அவர் தலைவராகவும் இருக்கக் கூடாது. தம் சம்பளம் பற்றிய பேச்சில் இருக்கவும் கூடாது. இதை அவரிடம் முதல் நாளே சொல்வது எளிது. ஐந்தாம் ஆண்டில் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

11. கணக்கை எல்லோரும் படிக்கச் செய்யுங்கள்

ஒவ்வொரு கூட்டத்திலும் பொருளாளர் ஒரே பக்கத்தில் கணக்குத் தர வேண்டும்: இருப்பு, வரவு, செலவு, இன்னும் கொடுக்க வேண்டியது, எந்த நிதி எந்த வேலைக்கு மட்டும் உரியது. அதை உரக்க வாசிக்க வேண்டும். எண்ணைக் கண்டு தயங்குகிறவர்கள்கூட "டீசல் இவ்வளவா?" என்று கேட்பார்கள், டீசல் விலை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டு நிதி வாங்க நினைத்தால் நிர்வாகக் குழுவே கூடுதல் கவனத்துக்கு உள்ளாகும். மூன்று ஆண்டுச் செயல்பாடும், அந்த ஆண்டுகளில் நோக்கத்துக்காகச் செலவிட்ட குறைந்தது 15 லட்சம் ரூபாயும் காட்ட வேண்டும். பணம் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் தொடங்கும் கணக்குக்கே வரும். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு நல்லெண்ணத்தில் பிரித்துக் கொடுத்தாலும் மீறல்தான்.

12. ஆள் மாறும்போது

யாராவது விலகினால் எழுத்தில் கடிதம் வாங்குங்கள், அடுத்த கூட்டத்தில் ஏற்றுத் தீர்மானம் போடுங்கள், மாவட்டப் பதிவாளரிடம் ஏழாம் எண் படிவத்தில் மாற்றத்தைத் தாக்கல் செய்யுங்கள். வெளிநாட்டு நிதிப் பதிவு இருந்தால் முக்கிய நிர்வாகிகள் மாறிய 45 நாட்களுக்குள் அங்கேயும் தெரிவிக்க வேண்டும். பதிவாளரிடம் தாக்கல் செய்யாத மாற்றத்தை வங்கி ஏற்காது. நான் தொடக்கத்தில் சொன்ன, பணம் இருந்தும் வாடகை கொடுக்க முடியாத நிலை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

புதிதாக வருகிறவரைக் கூட்ட அறையில் வரவேற்பதற்கு முன் ஒரு நாள் கடலுக்கோ கரைக்கோ அழைத்துப் போங்கள். கடந்த ஈராண்டுத் தீர்மானங்களையும் கடைசித் தணிக்கை அறிக்கையையும் கொடுங்கள். முதல் ஆறு மாதம் அவருக்குப் பழைய உறுப்பினர் ஒருவர் துணையாக இருக்கட்டும்.

பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலில் ஒன்றைத் தவறாமல் சேருங்கள். வங்கி, வருமான வரி, தர்ப்பண் தளங்களில் பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் சங்கத்துக்குச் சொந்தமானவையாக இருக்க வேண்டும். பழைய செயலாளரின் சொந்த எண்ணுக்கே கடவு எண் (ஓடிபி) போய்க்கொண்டிருந்தால், அவர் எங்கே இருந்தாலும் நீங்கள் அவரைத் தேடித்தான் ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைய முடியும். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்கி அலுவலக அலமாரியில் வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.